நோய் எங்கிருந்து வந்தது? கட்டட நீர்க்குழாய்க் கிருமிகளும் மரபணு ஆய்வும்

மருத்துவமனையில் தங்கியிருக்கும் நோயாளிகளும் அவர்களுக்குத் துணையிருப்போரும் சில காட்சிகளைக் கண்டு வியப்பதுண்டு. ஆள் இல்லாத அறைக்குள் பணியாளர் ஒருவர் செல்கிறார். குழாயைத் திறந்து சில நிமிடங்கள் நீரை ஓடவிட்டுப் பிறகு மூடிவிட்டுப் போகிறார். வேறொரு நாள் ஒருவர் சிறு புட்டிகளுடன் வந்து, கைகழுவும் குழாயிலிருந்து நீரைப் பிடித்து, புட்டியின்மேல் அறை எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு செல்கிறார். தண்ணீரை இப்படி வீணாக்கலாமா, குடிக்காத தண்ணீரை எதற்குச் சோதிக்க வேண்டும் என்ற கேள்விகள் எழுவது இயல்பே.

இவ்விரண்டு செயல்களுக்கும் காரணம் ஒன்றுதான். பெரிய கட்டடங்களின் நீர்க்குழாய்களுக்குள் வாழக்கூடிய சில பாக்டீரியாக்கள், உடல் நலிந்தவர்களுக்குக் கடுமையான நோயை உண்டாக்கும் ஆற்றல் படைத்தவை. அவ்வாறு ஒருவருக்கு நோய் வந்தால், "இது எங்கிருந்து வந்தது?" என்று குடும்பத்தார் கேட்பர். அந்தக் கேள்விக்கு நெடுங்காலம் ஊகமே பதிலாக இருந்தது. இன்று கிருமியின் மரபணுவைப் படித்து, பல நேரங்களில் சான்றுடன் விடை கூற முடிகிறது. அது எவ்வாறு நிகழ்கிறது, அதன் எல்லைகள் யாவை, நாம் செய்யக்கூடியவை எவை என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

குழாய்க்குள் ஓர் உலகம்

நகராட்சி நீர் சுத்திகரிக்கப்பட்டு, குளோரின் கலக்கப்பட்டே கட்டடத்துக்குள் வருகிறது. ஆயினும் அது முற்றிலும் நுண்ணுயிர் அற்ற நீர் அன்று. மிகச் சிறிய எண்ணிக்கையில் நுழையும் பாக்டீரியாக்கள் நலமாக உள்ள ஒருவருக்குப் பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. ஆனால் அவை தங்கிப் பெருக இடம் கிடைத்துவிட்டால் நிலைமை மாறுகிறது.

குழாயின் உட்சுவரில் வழவழப்பாக ஒரு படலம் படிவதைக் குழாயைக் கழற்றிப் பார்த்தவர்கள் அறிவார்கள். அந்தப் படலம் வெறும் அழுக்கு அன்று. பலவகை நுண்ணுயிர்கள் தாமே சுரந்த பசைப்பொருளுக்குள் கூடிவாழும் குடியிருப்பு. இதனை உயிர்ப்படலம் என்பர். நீரில் உள்ள குளோரின் இதன் மேற்பரப்பைத் தாக்கினாலும் ஆழத்துக்குள் எளிதில் செல்வதில்லை.

இந்தக் குடியிருப்பில் வாழும் கிருமிகளுள் முக்கியமானது லீஜியோனெல்லா நியூமோஃபிலா. 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இது பெருகாமல் அடங்கிக் கிடக்கும். ஏறத்தாழ 25 முதல் 45 டிகிரி வரையிலான வெதுவெதுப்பில் செழித்துப் பெருகும். 60 டிகிரிக்கு மேல் விரைவில் மடியும். எனவே போதிய சூடில்லாத வெந்நீர்க் கலன், வெயிலில் காயும் மேல்நிலைத் தொட்டி, யாரும் திறக்காததால் நீர் தேங்கிநிற்கும் குழாய்ப் பகுதி ஆகியவை இதற்கு ஏற்ற இடங்கள். ஆளில்லாத அறையின் குழாயைத் திறந்துவிடுவது, தேங்கிய நீரை வெளியேற்றிக் குளோரின் கலந்த புதிய நீரைக் கொண்டுவருவதற்காகவே. அது வீண் செலவு அன்று.

இக்கிருமிக்கு மற்றொரு தந்திரமும் உண்டு. உயிர்ப்படலத்தில் மேயும் அமீபாக்கள் பாக்டீரியாக்களை விழுங்கிச் செரித்து உண்பவை. லீஜியோனெல்லாவோ விழுங்கப்பட்ட பிறகும் சாவதில்லை. அமீபாவின் உள்ளேயே பெருகி, அதனைச் சிதைத்துக்கொண்டு வெளிவருகிறது. நம் நுரையீரலில் கிருமிகளை விழுங்கி அழிக்கும் காவல் செல்களும் ஏறத்தாழ அமீபாவைப் போன்றே செயல்படுகின்றன. ஆகவே அமீபாவை வென்ற அதே வழியில் இது நம் காவல் செல்களையும் வென்றுவிடுகிறது. பென்சிலின் வகை மருந்துகள் இந்நோயில் பயன்படாமல் போவதற்கும், செல்லுக்குள் ஊடுருவிச் செல்லக்கூடிய அசித்ரோமைசின், லீவோஃபிளாக்சசின் போன்றவற்றை மருத்துவர்கள் தேர்ந்தெடுப்பதற்கும் இதுவே காரணம்.

பெயர் தெரியாத காய்ச்சல்

1976ஆம் ஆண்டு ஜூலை மாதம் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில், அமெரிக்கன் லீஜியன் என்னும் முன்னாள் படைவீரர் சங்கத்தின் மாநாடு ஒரு விடுதியில் நடந்தது. மாநாடு முடிந்து வீடு திரும்பியவர்களில் பலர் கடுங்காய்ச்சலுடன் கூடிய நுரையீரல் அழற்சிக்கு ஆளாயினர். அவ்விடுதியை ஒட்டி நடந்து சென்றவர்களும் சிலர் நோயுற்றனர். மொத்தம் 200க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். 34 பேர் உயிரிழந்தனர். காய்ச்சலின் காரணம் யாருக்கும் புரியவில்லை. நச்சுப்பொருளா, புதிய வைரஸா என்று நாடே அஞ்சியது.

ஏறத்தாழ ஆறு மாதங்களுக்குப் பிறகு, 1977 ஜனவரியில், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் விடையை அறிவித்தது. அதன் ஆய்வாளர் ஜோசப் மெக்டேட், இறந்தவர்களின் நுரையீரல் திசுவிலிருந்து அதுவரை அறியப்படாத ஒரு பாக்டீரியாவைக் கண்டறிந்திருந்தார். மாநாடு நடத்திய சங்கத்தின் பெயரே கிருமிக்கும் நோய்க்கும் நிலைத்துவிட்டது. இது லீஜியனேர் நோய் எனப்படுகிறது. முந்தைய ஆண்டுகளில் காரணம் அறியாமல் முடிந்துபோன சில கொள்ளைநோய்களின்போது சேமித்துவைத்த இரத்த மாதிரிகளை மீண்டும் சோதித்தபோது, அவற்றுக்கும் இக்கிருமியே காரணம் என்று தெரியவந்தது. கிருமி புதிதன்று, அதைக் காணும் கண்தான் புதிது.

எழுத்துகளை ஒப்பிடுதல்

கிருமியைக் கண்டுபிடித்தாயிற்று. ஆனால் ஒரு சிக்கல் எஞ்சியது. லீஜியோனெல்லா பல கட்டடங்களின் நீரில் காணப்படும் கிருமி. நோயாளியின் நுரையீரலிலும் அது இருக்கிறது, விடுதியின் குழாயிலும் இருக்கிறது என்பதனால் மட்டும் இது அங்கிருந்துதான் வந்தது என்று கூறிவிட முடியுமா? ஒரே குடும்பப் பெயர் கொண்ட இருவரை உடன்பிறந்தோர் என்று சொல்வது போன்றது அது.

இங்கேதான் மரபணு துணைபுரிகிறது. ஒவ்வோர் உயிரின் டி.என்.ஏ.வும் நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட நீண்ட ஏடு. லீஜியோனெல்லாவின் ஏட்டில் ஏறத்தாழ 34 லட்சம் எழுத்துகள் உள்ளன. கிருமி இரண்டாகப் பிரியும்போதெல்லாம் அந்த ஏடு படியெடுக்கப்படுகிறது. பழைய ஓலைச்சுவடிகளைப் படியெடுத்தவர்கள் எப்போதாவது ஓர் எழுத்தை மாற்றி எழுதிவிடுவதுபோல, இங்கும் அரிதாக ஒரு பிழை நேர்கிறது. அப்பிழை அடுத்தடுத்த படிகளிலும் தொடர்கிறது. இரு சுவடிகளில் ஒரே பிழைகள் காணப்பட்டால் அவை ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று பதிப்பாசிரியர் முடிவு செய்வார். கிருமியின் உறவுமுறையையும் ஆய்வாளர்கள் இவ்வாறே கணிக்கின்றனர்.

தொடக்கத்தில் 34 லட்சம் எழுத்துகளையும் படிக்கும் வசதி இல்லை. ஆகவே ஏழு மரபணுக்களின் குறிப்பிட்ட பகுதிகளை மட்டும் படித்து, அவற்றின் அடிப்படையில் கிருமிக்கு ஒரு வகை எண் கொடுத்தனர். இந்த முறை இன்றும் பயன்படுகிறது. ஆனால் சில வகைகள் உலகெங்கும் பரவியுள்ளன. இரண்டு ஊர்களில், ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத இரு கட்டடங்களில் ஒரே வகை எண் கிடைத்துவிடும்.

2004ஆம் ஆண்டில் இக்கிருமியின் முழு மரபணுத்தொகுதி முதன்முறையாகப் படித்து வெளியிடப்பட்டது. ஃபிலடெல்ஃபியாவில் பிரித்தெடுத்த கிருமியும் அவ்வாறு படிக்கப்பட்டவற்றுள் ஒன்று. அதன்பின் படிக்கும் கருவிகளின் வேகம் கூடி, செலவு குறைந்தது. இப்போது நோயாளியின் கிருமியையும் குழாயின் கிருமியையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, இரண்டுக்கும் இடையே எத்தனை எழுத்துகள் வேறுபடுகின்றன என்று எண்ண முடிகிறது. வேறுபாடு மிகச் சிலவாயின் உறவு நெருக்கமானது. நூற்றுக்கணக்கில் இருந்தால் அக்குழாய் நோய்க்குக் காரணமாக இருந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

ஒரு நகரமும் ஒரு கோபுரமும்

2015ஆம் ஆண்டு கோடையில் நியூயார்க் நகரின் தெற்கு பிராங்க்ஸ் பகுதியில் லீஜியனேர் நோய் பரவியது. 138 பேர் நோயுற்றனர். 16 பேர் இறந்தனர். பெரிய கட்டடங்களின் குளிர்சாதன அமைப்பிலிருந்து வெப்பத்தை வெளியேற்றுவதற்காக மொட்டை மாடியில் குளிர்விப்புக் கோபுரங்கள் அமைக்கப்படுகின்றன. அவற்றிலிருந்து கிளம்பும் நுண்திவலைகள் காற்றில் நெடுந்தொலைவு செல்லக்கூடியவை. அப்பகுதியின் கோபுரங்களைச் சோதித்தபோது ஒன்றில் அல்ல, பலவற்றில் லீஜியோனெல்லா காணப்பட்டது. எது காரணம்?

நோயாளிகளின் சளியிலிருந்து வளர்த்த கிருமிகளின் முழு மரபணுத்தொகுதியைக் கோபுரங்களின் கிருமிகளோடு ஒப்பிட்டனர். ஒரு விடுதியின் கோபுரத்தில் இருந்த கிருமியே நோயாளிகளின் கிருமியோடு பொருந்தியது. மேலும், அதற்கு நெருங்கிய உறவுடைய கிருமிகள் பல ஆண்டுகளுக்கு முன்பே அதே பகுதியில் நோயை உண்டாக்கியிருந்தன என்பதும் பழைய மாதிரிகளிலிருந்து தெரியவந்தது. கோபுரங்கள் அனைத்தையும் பதிவு செய்து, குறித்த கால இடைவெளியில் சோதிக்க வேண்டும் என்ற சட்டத்தை அந்நகரம் அதே ஆண்டு ஆகஸ்டில் இயற்றியது. நோயுற்றவர்கள் கொடுத்த சளி மாதிரிகள், பின்னால் வரும் பலருக்குக் காப்பாக அமைந்தன.

தீக்காயப் பிரிவின் ஒரு வால்வு

மருத்துவமனைக்குள் நடந்த ஓர் ஆய்வையும் காண்போம். நீர்க்குழாய்களில் வாழும் மற்றொரு கிருமி சூடோமோனாஸ் ஏருஜினோசா. தீக்காயம் பட்டவர்களின் புண்ணில் இது தொற்றினால் ஆறுவது கடினம். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் புதிதாகத் திறக்கப்பட்ட ஒரு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் 30 நோயாளிகளைத் தொடர்ந்து கண்காணித்தனர். அவர்களுள் ஐவரிடம் இக்கிருமி காணப்பட்டது. நோயாளிகள், குழாய் நீர், அறைச் சூழல் ஆகியவற்றிலிருந்து எடுத்த 141 கிருமி மாதிரிகளின் முழு மரபணுத்தொகுதியைப் படித்தனர். முடிவு 2014இல் வெளியாயிற்று.

மூவரின் கிருமி, அவரவர் அறையின் நீரில் இருந்த கிருமியோடு சிறிதும் வேறுபாடின்றிப் பொருந்தியது. ஒவ்வொரு குழாயின் கிருமிக்கும் தனித்த அடையாளம் இருந்ததால், எந்த அறை, எந்தக் குழாய் என்றே சுட்ட முடிந்தது. வெந்நீரையும் தண்ணீரையும் அளவாகக் கலந்துவிடும் ஒரு வால்வின் உட்புறப் படலத்தில் அக்கிருமியின் குடியிருப்பும் கண்டறியப்பட்டது. நோயாளியின் தோல் வெந்துபோகாமல் காப்பதற்காகப் பொருத்தப்படும் வால்வு அது. அதன் இடுக்குகளே கிருமிக்கு இடமளித்தன.

எஞ்சிய இருவரின் கிருமிக்கும் மருத்துவமனைச் சூழலுக்கும் தெளிவான தொடர்பு காணப்படவில்லை. இதுவும் முக்கியமான செய்தியே. மரபணு ஆய்வு ஒரு குழாயைக் குற்றம் சாட்டுவதற்கு மட்டும் உரியதன்று. தொடர்பில்லாத ஒன்றை விடுவிப்பதற்கும் அதுவே சான்று.

மரபணு சொல்லாதவை

இவ்வளவு ஆற்றல் இருந்தும் இந்த ஆய்வு எல்லாக் கேள்விகளுக்கும் விடை தருவதில்லை. குடும்பத்தார் இதனைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலாவது, ஒரே குழாயமைப்பில் பல்வேறு கிருமிகள் கலந்து வாழலாம். 2012இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பரவிய லீஜியனேர் நோயை ஆராய்ந்தபோது, நோயாளிகளிடம் ஒன்றுக்கு மேற்பட்ட மரபணுக் கிளைகள் காணப்பட்டன. சில நோயாளிகளின் உடலிலேயே இரண்டு கிளைகள் இருந்தன. ஒரேயொரு கிருமிக் கூட்டத்தை மட்டும் எடுத்து ஒப்பிட்டிருந்தால் முடிவு தவறாகியிருக்கலாம்.

இரண்டாவது, எத்தனை இடங்களில் மாதிரி எடுத்தோம் என்பதைப் பொறுத்தே முடிவின் உறுதி அமையும். 17 மருத்துவமனைகளின் நீரையும் நோயாளிகளையும் உள்ளடக்கி, 229 கிருமி மாதிரிகளைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வு 2017இல் வெளியானது. ஒரே மருத்துவமனைக்குள்ளும் பிரிவுக்குப் பிரிவு கிருமியின் மரபணு சிறிது மாறியிருந்ததை அது காட்டியது. ஓரிரு குழாய்களில் மட்டும் நீர் எடுத்துவிட்டு "இங்கே கிருமி இல்லை" என்று கூறிவிட முடியாது. புட்டிகளோடு வருபவர் அறை அறையாகச் செல்வதன் பொருள் இப்போது விளங்கும்.

மூன்றாவது, மரபணு உறவைச் சொல்லுமே தவிர நிகழ்ந்த கதையைச் சொல்லாது. நோயாளி எந்த நாளில் எங்கே இருந்தார், எந்தக் குளியலறையைப் பயன்படுத்தினார், எந்த ஊருக்குப் போய்வந்தார் என்ற செய்திகள் சேர்ந்தால்தான் முடிவு முழுமை பெறும். கிருமி உடலுக்குள் புகுந்து நோய் தோன்றப் பொதுவாக 2 முதல் 14 நாட்கள் ஆகும். ஆகவே அந்த இரண்டு வாரங்களைப் பற்றி மருத்துவர் துருவித் துருவிக் கேட்டால் பொறுமையுடன் நினைவுகூர்ந்து சொல்லுங்கள். நோயாளியால் பேச முடியாத நிலையில், துணையிருப்பவரின் நினைவே சான்றாகிறது.

சளி மாதிரி எதற்கு?

லீஜியனேர் நோயை விரைவில் கண்டறியச் சிறுநீர்ச் சோதனை ஒன்று உள்ளது. சில மணி நேரத்திலேயே விடை கிடைக்கும். சிகிச்சையையும் உடனே தொடங்கலாம். ஆனால் அது கிருமியின் ஒரு முக்கிய வகையை மட்டுமே பெரும்பாலும் காட்டும். சிறுநீரில் கிடைப்பது கிருமியின் உடைந்த துகள்களே; உயிருள்ள கிருமி அன்று. மரபணுவை முழுமையாகப் படிக்க, சளியிலிருந்தோ நுரையீரல் நீரிலிருந்தோ கிருமியை ஆய்வகத்தில் வளர்க்க வேண்டும். இக்கிருமி மெதுவாக வளர்வதால் அதற்குப் பல நாட்கள் பிடிக்கும்.

"சிறுநீர்ச் சோதனையில்தான் நோய் தெரிந்துவிட்டதே, பிறகும் ஏன் சளி கேட்கிறார்கள்?" என்று சிலர் சலித்துக்கொள்வதுண்டு. நோயாளியின் பக்கத்துக் கிருமி கிடைக்காவிட்டால், குழாயில் எத்தனை மாதிரி எடுத்தாலும் ஒப்பிடுவதற்கு எதுவும் இராது. உங்கள் சளி மாதிரி உங்கள் சிகிச்சைக்கும் உதவும். அடுத்த படுக்கையில் இருப்பவரையும் காக்கும்.

நாம் செய்யக்கூடியவை

லீஜியனேர் நோய் பொதுவாக ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. 2014இல் போர்ச்சுகலில் நடந்த ஒரு நிகழ்வில் மட்டும் அவ்வாறு பரவியிருக்கக்கூடும் என்று பதிவாகியுள்ளது. எனவே நோயாளியின் அருகில் இருக்கவும் கையைப் பற்றிக்கொள்ளவும் அஞ்ச வேண்டியதில்லை. கிருமி கலந்த நுண்திவலைகளை மூச்சில் இழுப்பதாலும், நீர் அருந்தும்போது புரையேறி நுரையீரலுக்குள் செல்வதாலும் இந்நோய் வருகிறது. 50 வயதைக் கடந்தோர், புகைப்பிடிப்போர், நாள்பட்ட நுரையீரல் நோயுள்ளோர், நீரிழிவு நோயாளிகள், உறுப்பு மாற்றம் செய்துகொண்டோர், புற்றுநோய் சிகிச்சை பெறுவோர் ஆகியோர் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும்.

மருத்துவமனையில்: கைகழுவும் தொட்டியில் மீந்த காபி, பால், சத்துக்கரைசல் முதலியவற்றை ஊற்றாதீர்கள், அவை கிருமிப் படலத்துக்கு உணவாகின்றன. குழாயில் நீர் கலங்கலாக வந்தாலும், வெந்நீர் வெதுவெதுப்பாகவே வந்தாலும், வடிகால் அடைத்திருந்தாலும் செவிலியரிடம் தெரிவியுங்கள். திறந்த புண் உள்ளவரைக் குழாய் நீரால் குளிப்பாட்டுவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில்: நெபுலைசரிலும், மூச்சுக் கருவியின் ஈரப்பதக் கலனிலும் குழாய் நீரை ஊற்றாதீர்கள், மருத்துவர் குறித்த மருந்தையும் கிருமிநீக்கிய நீரையும் மட்டும் பயன்படுத்துங்கள். பயன்படுத்திய பின் கருவியைத் தூய்மை செய்து நன்கு உலரவிடுங்கள். பல நாட்கள் வீடு பூட்டியிருந்தால், திரும்பியதும் குழாய்களையும் ஷவரையும் சில நிமிடங்கள் ஓடவிடுங்கள். அப்போது நோயாளி குளியலறையில் இருக்க வேண்டாம். ஷவர் முகப்பைக் கழற்றி உப்புப்படிவை அவ்வப்போது நீக்குங்கள். தேக்கிவைக்கும் வகைக் கீசரில் நீரை 60 டிகிரியில் வைத்துச் சூடாக்கி, குளிக்கும்போது தண்ணீர் கலந்து விளாவிக்கொள்ளுங்கள். முதியோருக்கும் குழந்தைகளுக்கும் சுடுநீர் பட்டுவிடாமல் நீங்களே தொட்டுப் பார்த்துவிடுங்கள். மேல்நிலைத் தொட்டியை மூடிவைத்து, அடிப்படிவு சேராமல் தூய்மை செய்யுங்கள். நீர் ஊற்றும் வகை ஏர்கூலரில் பழைய நீரை வடித்துவிட்டுப் புதிய நீர் நிரப்புங்கள். எதிர்ப்பாற்றல் மிகக் குறைந்தவர்கள் ஷவரில் குளிக்கலாமா, வாளியில் குளிப்பது நல்லதா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல், தசைவலி ஆகியவை தோன்றி, அவற்றோடு குழப்பமோ வயிற்றுப்போக்கோ சேர்ந்தால் தாமதிக்காதீர்கள். அண்மையில் மருத்துவமனையிலோ விடுதியிலோ தங்கியிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்நோய் கண்டவர்களுள் ஏறத்தாழ பத்தில் ஒருவர் உயிரிழக்கின்றனர். மருத்துவமனையில் தொற்றுக்கு உள்ளானவர்களிடையே இந்த அளவு இன்னும் அதிகம். உரிய மருந்தை முன்கூட்டியே தொடங்கினால் பெரும்பாலோர் நலம் பெறுகின்றனர்.

நோய் எங்கிருந்து வந்தது என்று கேட்பது நோயாளியின் உரிமை. அதற்கு ஊகத்தை அல்லாமல் சான்றை விடையாகத் தருவது மருத்துவமனையின் கடமை. அந்தச் சான்றின் ஒரு பாதி குழாயில் இருக்கிறது; மறுபாதி நீங்கள் தரும் மாதிரியிலும் நீங்கள் சொல்லும் விவரத்திலும் இருக்கிறது. அடுத்த முறை ஆளில்லாத அறையில் நீர் ஓடும் ஒலி கேட்டால், அது உங்களுக்காகவும், உங்களுக்குப் பின் அவ்வறைக்கு வரப்போகும் ஒருவருக்காகவும் ஓடுகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.